ஆறு டிரம்பெட்... நடுவுல ஒரு வாய்க்கால்!

பாஸ், வெனிஸில் இறங்கியதும் நீங்கள் முதலில் மிஸ் பண்ணப்போவது எதைத் தெரியுமா? ஹாரன் சத்தத்தை!

மெஸ்த்ரே என்கிற நிலப்பரப்பு ஸ்டேஷனைத் தாண்டினால், ரயில் நேராகக் கடல் மேலே ஏறிவிடும். 1846-ல் திறந்த பாலம். பக்கத்திலேயே 1933-ல் போட்ட ரோடு பாலம். நம்ம பாம்பன் மாதிரி ஜன்னலில் ரெண்டு பக்கமும் தண்ணி. சான்டா லூசியா ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்தால்... ஆட்டோ ஸ்டாண்ட் இருக்கவேண்டிய இடத்தில் படகுத்துறை! கார் கிடையாது, பைக் கிடையாது, சைக்கிள்கூட ஓட்டக்கூடாது. 118 குட்டித் தீவுகள், 400-க்கும் மேற்பட்ட பாலங்கள். நடக்கணும், இல்லை படகு. அவ்வளவுதான்.

இன்ஜின் சத்தம் இல்லாத ஊரில் மனுஷச் சத்தம் எவ்வளவு துல்லியமாகக் கேட்கும் என்று அங்கே போனால்தான் புரியும். நாலு சந்து தள்ளி யாரோ ஸ்பூனைக் கீழே போடுவது கேட்கும். இப்படிப்பட்ட ஊரில் ஒரு டிரம்பெட்டை எடுத்து ஊதினால் எப்படி இருக்கும்? யோசித்துக்கொண்டே வாருங்கள். விஷயம் அங்கேதான் போகப்போகிறது.

நான் மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம். இந்தப் பத்திரிகையில் மாணவ நிருபர். போன கோடையில் ரெண்டு மாசம் இத்தாலியின் பதோவா நகரத்தில் ஒரு லேப் இன்டர்ன்ஷிப். 1222-ல் ஆரம்பித்த யுனிவர்சிட்டி அந்த ஊரில்தான் இருக்கிறது. கலீலியோ அங்கே 1592-லிருந்து 1610 வரை வாத்தியாராக இருந்தார். அவருடைய அப்பா வின்சென்ஸோ ஒரு லூட் வாத்தியக்காரர், கம்பிகளின் இழுவிசையை வைத்துப் பரிசோதனை பண்ணியவர் என்று தெரியுமா? இன்ஜினீயரிங்கும் மியூசிக்கும் ஒரே வீட்டில் சாப்பிட்ட காலம்!

பதோவாவிலிருந்து வெனிஸுக்கு ரயிலில் ஏறக்குறைய அரை மணி நேரம். நம்ம லேபில் இருந்த ஒரு பி.ஹெச்டி அக்கா, மெஸ்த்ரேயில் ஆறு பேர் கொண்ட டிரம்பெட் குரூப்பில் வாசிக்கிறவர். நானும் டிரம்பெட் ஊதுவேன் என்று தெரிந்ததும், "அடுத்த சனிக்கிழமை வா" என்றார். (எப்படி டிரம்பெட்டா? என் தாய்மாமா திண்டுக்கல் பக்கம் பேண்ட் செட்டில் வாசிக்கிறவர். ஆறாம் வகுப்பு லீவில் அவர் மவுத் பீஸைக் கையில் கொடுத்தார். அம்மா இன்னும் அவரை மன்னிக்கவில்லை!)

அங்கே போனால் குரூப்புக்கு ஒரு பெரிய தலைவலி. அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

'கார்னிவல் ஆஃப் வெனிஸ்.' டிரம்பெட் கற்றுக்கொள்கிற யாரைக் கேட்டாலும் இந்தப் பெயரைச் சொல்லும்போது கண்ணில் ஒரு பயம் தெரியும். மெட்டு என்னவோ குழந்தைப் பாட்டுதான். ஜெர்மனியில் மூன்று மூலைத் தொப்பியைப் பற்றிய பாட்டாக நர்சரிப் பிள்ளைகள் பாடுகிற அதே மெட்டு. நம்ம கணக்கில் சங்கராபரணம். கார்டு மொத்தம் ரெண்டே ரெண்டு. ஒன்று 'ச'வில் நிற்கும், இன்னொன்று 'ப'வில். ஊஞ்சல் மாதிரி இந்தப் பக்கம், அந்தப் பக்கம். இதற்கு மேல் ஈஸியான பாட்டு கிடையாது.

அந்த ஈஸிதான் பிரச்னையே! மெட்டு இவ்வளவு சிம்பிளாக இருப்பதால், ஆளாளுக்கு அதன் மேல் வித்தை காட்ட ஆரம்பித்துவிட்டார்கள். 1829-ல் பகானினி வயலினுக்கு வரிசையாக வேரியேஷன் எழுதினார். அதே வருஷம் 19 வயசு சோப்பின் அதே மெட்டில் ஒரு பியானோ துண்டு எழுதினார். கடைசியில் மாட்டியது நம்ம ஆளுங்க. ஜான் பாப்டிஸ்ட் அர்பான் என்று ஒரு பிரெஞ்சுக்காரர். 1825-ல் லியோனில் பிறந்தவர், கார்னெட் மேதை. கார்னெட் என்றால் டிரம்பெட்டின் ஒன்றுவிட்ட தம்பி. குழாய் கொஞ்சம் கூம்பு மாதிரி விரியும், சத்தம் கொஞ்சம் சாஃப்ட். 1864-ல் அர்பான் ஒரு தடியான பயிற்சிப் புத்தகம் போட்டார். இன்றைக்கும் உலகம் முழுக்க டிரம்பெட் வாசிக்கிறவர்களுக்கு அதுதான் பாடப்புத்தகம். அதன் பின்பகுதியில் 12 சோலோ துண்டுகள் இருக்கும். அதில் ஒன்றுதான் இந்தக் கார்னிவல்.

அதன் கடைசி வேரியேஷனைக் கேட்டால், ரெண்டு பேர் வாசிக்கிற மாதிரியே இருக்கும். மெட்டின் ஸ்வரங்கள் நடுநடுவே எட்டிப் பார்க்கும். அவற்றுக்கு இடையில் பொடி ஸ்வரங்கள் வேறொரு உயரத்தில் சுற்றிச் சுற்றி ஓடும். வாசிப்பது ஒரே ஆள், ஒரே வாய்! நாக்கில் 'து-து-கு, து-து-கு' என்று அடிக்கிற டிரிபிள் டங்கிங் டெக்னிக். 'தகிட தகிட' என்று கொன்னக்கோல் சொல்லிப் பழகிய நாக்குக்கு இது புரியும். வாயில் உலோகத்தை அழுத்திக்கொண்டு அதைச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் பேசலாம். 1987-ல் விண்டன் மார்சாலிஸ் 'கார்னவல்' என்ற ஆல்பத்தில் இதை வாசித்திருக்கிறார். தேடிக் கேளுங்கள். கேட்டுவிட்டு உங்கள் டிரம்பெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இப்போது அந்தத் தலைவலிக்கு வருவோம்.

குரூப்பின் மூத்தவருக்கு 71 வயசு. ஒரு காலத்தில் படகு ஓட்டியவர். மற்ற ஐந்து பேரில் மூன்று பேருக்கு அவர்தான் டிரம்பெட் சொல்லிக்கொடுத்திருக்கிறார். எல்லோரும் அவரை 'மாயெஸ்த்ரோ' என்பார்கள். நம்ம ஊர் பேண்ட் செட்டில் 'மாஸ்டர்' என்கிறோமே, அதே சொல்தான். ஸோ, நான் முதல் நாளே 'மாஸ்டர்' ஆக்கிவிட்டேன். அவர் என்னை 'ரகாத்ஸா' என்பார். சின்னப் பொண்ணு என்று அர்த்தம். குரலில் 'பாப்பா' மாதிரிதான் இருக்கும்.

முப்பது வருஷமாக ஒவ்வொரு ஜூலையிலும் 'கார்னிவல் ஆஃப் வெனிஸ்' சோலோவை மாஸ்டர்தான் வாசிப்பார். போன வருஷம் முன்பற்கள் ரெண்டு போய்விட்டன. செயற்கைப் பல் கட்டியாயிற்று. ஆனால், டிரம்பெட்காரனுக்குப் பல் என்பது வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி. மேல் ஸ்தாயி போச்சு, டிரிபிள் டங்கிங் போச்சு. நடு ஸ்தாயியில் அந்த டோன் மட்டும் அப்படியே இருந்தது. வேறு யாராவது சோலோவை வாசிக்கலாம்தான். அந்த பி.ஹெச்டி அக்காவுக்கே கை வரும். ஆனால், அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அதை வாசிக்க ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. "ப்ரோகிராமிலிருந்தே எடுத்துடலாம்" என்றார் ஒருவர். "எடுத்தா அவரு குரூப்புக்கே வர மாட்டாரு" என்றார் இன்னொருவர். மாஸ்டர் பேசாமல் டிரம்பெட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் தீர்மானம் என்னவென்றால், சோலோவை ஆறு பேருக்கும் பிரித்து எழுதுவது. "நீதான் இன்ஜினீயராச்சே, ரகாத்ஸா!" என்று பென்சில் என் கைக்கு வந்தது. ஐந்து வாரம் டைம்.

ஆறு டிரம்பெட்டுக்கு எழுதுவதில் முதல் சிக்கல், பேஸ் கிடையாது! டிரம்பெட்டின் குழாயை நிமிர்த்தினால் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர். அதற்குக் கீழே இறங்க முடியாத ஒரு ஸ்வரம் உண்டு. 165 ஹெர்ட்ஸ் பக்கம். டியூபா இல்லை, டிராம்போன் இல்லை, பியானோ இல்லை. அடித்தளம் இல்லாமல் அஞ்சு மாடி கட்டச் சொன்ன மாதிரி. எங்களிடம் இருந்த சோலோ பதிப்பு எஃப் மேஜரில் இருந்தது. அதில் பேஸ் வாசிக்கிறவருக்குக் கீழ் 'ச' தேவை. அது டிரம்பெட்டின் கடைசி ஸ்வரத்துக்கும் அரைப்படி கீழே போய் நிற்கிறது. ஜஸ்ட் மிஸ்!

சி மேஜருக்கு மாற்றினால்? 'ச' சௌகரியமான இடத்தில் வந்துவிடும். கீழ் 'ப' வாத்தியத்தின் கடைசிக்கு அரைப்படி மேலே தப்பித்துக்கொள்ளும். பாட்டுக்குத் தேவை ரெண்டே கார்டுதான் என்று சொன்னேன் அல்லவா? ரெண்டுக்கும் அஸ்திவாரம் கிடைத்துவிட்டது. அதோடு மேல் ஸ்வரங்களும் ரெண்டரைப் படி இறங்கும். ஐந்தாவது, ஆறாவது ஆட்களுக்கு டிரம்பெட்டுக்குப் பதில் ஃப்ளூகல்ஹார்ன் கொடுத்தோம். அதே நீளம்தான், ஆனால் குழாய் அகலமாக விரிவதால் கம்பளி போர்த்திய மாதிரி சத்தம். பேஸுக்கு அது போதும்.

இல்லை, அதைவிட ஒரு சூப்பர் மேட்டர் இருக்கிறது. ரெண்டு டிரம்பெட் சத்தமாகவும் சுத்தமாகவும் 'ச-ப' சேர்த்து வாசித்தால், மூன்றாவதாக ஒரு ஸ்வரம் காதுக்குள் கேட்கும்! நம்ம 'ச' 233 ஹெர்ட்ஸ், மேலே 'ப' 349. கழித்துப் பாருங்கள். 116. அதாவது கீழ் ஸ்தாயி 'ச'! யாருமே வாசிக்காத பேஸ். வித்தியாச ஸ்வரம் என்பார்கள். சுருதி கொஞ்சம் பிசகினாலும் அந்த ஸ்வரம் தள்ளாடி, காதில் கொசு ரீங்கரிக்கிற மாதிரி ஆகிவிடும். ஆறு பேரும் கால் மணி நேரம் இதை மட்டும் பிராக்டீஸ் பண்ணி, கடைசியில் அது 'டொய்ங்' என்று தரையிலிருந்து எழும்பியபோது... மாஸ்டர் குனிந்து நாற்காலிக்கு அடியில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். சிரிக்காமல்!

ரெண்டாவது சிக்கல், மூச்சும் வாயும். கீபோர்டுக்கு எழுதுகிற மாதிரி நிற்காமல் எழுதித் தள்ளினால் மூன்றாவது நிமிஷம் உதடு கழன்றுவிடும். சோலோவில் பியானோ இடையிடையே வாசித்து ஆளுக்கு ஓய்வு கொடுக்கும். இங்கே ஓய்வையும் நாம்தான் எழுதவேண்டும். காலேஜ் மியூசிக் கிளப்புக்கு யாராவது அரேஞ்ச் பண்ணுகிறீர்கள் என்றால் ஒரு டிப்ஸ். ஸ்வரங்களை எழுதுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் எங்கே சும்மா இருக்கவேண்டும் என்று முதலில் பென்சிலால் குறித்துவிடுங்கள். மியூஸ்ஸ்கோர் என்று ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது, அதில் எழுதலாம். ஆனால், கம்ப்யூட்டருக்கு உதடு வலிக்காது. அது வாசித்துக் காட்டுவதை நம்பாதீர்கள். அர்பான் 1889-லேயே போய்ச் சேர்ந்துவிட்டதால் அவர் எழுதியதை யாரும் தொடலாம். பிற்காலத்தில் மற்றவர்கள் எழுதிய அரேஞ்ச்மென்ட்களுக்குக் காப்பிரைட் இருக்கும், ஜாக்கிரதை.

மூன்றாவது சிக்கல்தான் பெரிசு. அதை ஒரு நாள் மாஸ்டரே கேட்டார். "ரெண்டு பேர் வாசிக்கிற மாதிரி ஒருத்தன் வாசிக்கிறதுதான் இதுல வித்தை. ஆறு பேர் சேர்ந்து வாசிச்சா அதுல என்ன இருக்கு ரகாத்ஸா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. ரயில் ஏறி வெனிஸைச் சுற்றப் போய்விட்டேன்.

நீங்களும் போவதென்றால், ஸ்டேஷனிலிருந்து மஞ்சள் போர்டுகளைப் பின்தொடர்ந்து நடந்தே போய்விடுங்கள். படகு டிக்கெட் 75 நிமிஷத்துக்கு 9.50 யூரோ, மனசு தாங்காது. 2024-லிருந்து கூட்ட நாட்களில் பகல் பயணிகளுக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணம் வேறு ஆரம்பித்தார்கள். வழி தவறத்தான் செய்யும், தவறட்டும். சந்து 'காலே', சதுக்கம் 'காம்போ'. 'காம்போ' என்றால் வயல் என்று அர்த்தம். ஊர் முழுக்க இத்தனை வயல் இருந்தும் 'பியாத்ஸா' என்று பெயர் வாங்கிய பெரிய சதுக்கம் சான் மார்கோ ஒன்றுதான். வழியில் காம்போ சான்டோ ஸ்தெஃபானோவில் கொஞ்சம் உட்காருங்கள். அந்தப் பக்கம் மியூசிக் கல்லூரி. ஜன்னல் வழியே யாராவது ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது கேட்கும். அங்கேயே இருக்கிற தேவாலயத்துக்குள்தான் ஜொவான்னி காப்ரியேலி அடக்கம். இவர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

படகுக்காரர்கள் டூரிஸ்ட்டுக்காகப் பாடுகிற 'ஓ சோலே மியோ' வெனிஸ் பாட்டே இல்லை, 1898-ல் நேப்பிள்ஸில் பிறந்தது. 'கார்னிவல் ஆஃப் வெனிஸ்' மெட்டை நான் சுற்றிய அத்தனை நாளிலும் தெருவில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. உலகமே வெனிஸ் என்று பெயர் வைத்த பாட்டு, வெனிஸில் இல்லை! கார்னிவலே அப்படித்தான் ஒரு காலத்தில் காணாமல் போனது. 1797-ல் நெப்போலியன் வந்து ஆயிரம் வருஷக் குடியரசைக் கலைத்தார், முகமூடிக் கொண்டாட்டமும் மங்கிப்போனது. திரும்ப உயிர் வந்தது 1979-80-ல்தான். இன்றைக்குத் தெருவெல்லாம் முகமூடிக் கடை. அதில் 'பாவுத்தா' என்று ஒரு வெள்ளை முகமூடி. தாடைப் பக்கம் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். கழற்றாமலேயே சாப்பிடலாம், பேசினால் குரலும் மாறிவிடும். டிரம்பெட் வாயில் சொருகுகிற 'மியூட்' ஞாபகம் வரவில்லை? அப்படியே அதை அரேஞ்ச்மென்ட்டில் போட்டுவிட்டேன். ஒவ்வொரு வேரியேஷனுக்கும் ஒவ்வொரு மியூட், அதாவது ஒவ்வொரு முகமூடி. கடைசி வேரியேஷனுக்கு எல்லோரும் கழற்றிவிடவேண்டும்.

அப்புறம் சான் மார்கோ பெருங்கோயில். தங்க மொசைக், ஐந்து கோபுரக் கவிழ்ப்பு என்று எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் பீடத்தின் இடது, வலது பக்கங்களைப் பாருங்கள். எதிரும் புதிருமாக மாடங்கள், ரெண்டு பக்கமும் ஆர்கன். காப்ரியேலி 1585-லிருந்து இங்கே ஆர்கன் வாசித்தவர். அவர் ஸ்டைல் என்ன தெரியுமா? வாத்தியக்காரர்களை ரெண்டு கோஷ்டியாகப் பிரித்து எதிரெதிரே வைத்து, ஒரு கோஷ்டி கேட்க, மறு கோஷ்டி பதில் சொல்ல... அசல் லாவணி! 1597-ல் வந்த அவருடைய 'சொனாட்டா பியான் ஏ ஃபோர்தே'யில் எட்டு வாத்தியங்கள், நாலு நாலாக. ஒரு கோஷ்டி வாசிக்கும்போது 'மெதுவாக', ரெண்டும் சேரும்போது 'பலமாக' என்று அச்சிலேயே போட்டிருக்கிறார். சத்த அளவை நோட்ஸில் அச்சடித்த ஆரம்பகாலப் படைப்புகளில் ஒன்று. இன்னொன்று, குடியரசுத் தலைவரான 'டோஜே' ஊர்வலம் போகும்போது முன்னால் நீளநீளமான வெள்ளி டிரம்பெட்டுகள் போகும். எத்தனை? ஆறு!

அங்கே நின்றபோதுதான் மாஸ்டருக்குப் பதில் கிடைத்த மாதிரி இருந்தது. காப்ரியேலியின் கோஷ்டிகளில் தனி ஆளின் வேகத்தைவிட, பந்து கைமாறுகிற இடத்தில்தான் வித்தை. யார் முடித்தார், யார் ஆரம்பித்தார் என்று காது கண்டுபிடிக்கக்கூடாது. அர்பான் ஒருத்தரை ரெண்டு பேராகக் காட்டினார். நாம் ஆறு பேரை ஒருத்தராகக் காட்டினால்?

திங்கட்கிழமை ராத்திரி உட்கார்ந்து மொத்தத்தையும் மாற்றி எழுதினேன். மூன்று மூன்று பேராக ரெண்டு கோஷ்டி. ஆரம்பத்தில் காப்ரியேலி காலத்து 'நெடில்-குறில்-குறில்' தாளத்தில் ஒரு கட்டியம். வேரியேஷன்களில் ஓட்டமான வரியை நாலு நாலு பாராக வெட்டி, கடைசி ஸ்வரத்தில் அடுத்தவர் ஏறிக்கொள்கிற மாதிரி. ரிலே ரேஸில் பேட்டன் கொடுக்கும்போது ரெண்டு பேரும் கொஞ்ச தூரம் சேர்ந்து ஓடுவார்களே, அதேதான்.

கடைசி வேரியேஷன்? பொடி ஸ்வரங்கள் நாலு டிரம்பெட்டில் சுற்றும், ஒரு ஃப்ளூகல்ஹார்ன் பேஸில். மெட்டின் ஸ்வரங்கள் மட்டும் ஒரே ஆளுக்கு. நடு ஸ்தாயியில், மற்றொரு ஃப்ளூகல்ஹார்னில். யாருக்கு என்று நான் எழுதவில்லை. 'ஆறு' என்று மட்டும் போட்டேன்.

மாஸ்டர் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். "கிழவனுக்குச் சுலபமாக் குடுத்திருக்கே" என்றார். எனக்கு வயிறு கலங்கியது. அக்கா இத்தாலியனில் ஏதோ சமாதானம் சொல்லப் போனார். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு வாசித்துப் பார்த்தார். ரெண்டாவது வரியிலேயே நிறுத்தினார். சுற்றி நாலு பேர் படபடவென்று ஓடும்போது, அவர்களுடைய இடைவெளியில் மிகச் சரியாக ஒரு ஸ்வரத்தை வைப்பது சுலபமே இல்லை. முந்தினால் அவர்கள் காலை மிதிக்கும், பிந்தினால் அவர்கள் மிதிப்பார்கள். "ம்..." என்றார். மறுபடி முதலிலிருந்து. அன்றைக்கு ராத்திரி பத்தரை வரைக்கும் ஹாலைப் பூட்ட விடவில்லை!

கச்சேரி எங்கே? ஜூலை மூன்றாவது ஞாயிறு வெனிஸில் 'ரெதெந்தோரே' திருவிழா. 1575-77-ல் பிளேக் வந்து ஊரையே வாரிக்கொண்டு போனபோது, நோய் விட்டால் கோயில் கட்டுகிறோம் என்று வேண்டிக்கொண்டார்கள். நம்ம ஊர் அம்மன் நேர்த்திக்கடன் மாதிரிதான். பல்லாதியோ என்ற கட்டடக்கலை மேதை ஜுதெக்கா தீவில் கட்டிக்கொடுத்தார். இன்றைக்கும் அந்த வாரம் 300 மீட்டருக்கு மேல் மிதவைப் பாலம் போட்டு ஜனங்கள் நடந்தே போவார்கள். சனிக்கிழமை ராத்திரி வாணவேடிக்கை. அதற்கு முன் சாயங்காலமே கரையோரம் மேஜை போட்டு, படகிலேயே இலை விரித்து... சாரி, தட்டு வைத்து, ஊரே சேர்ந்து சாப்பிடும். வெங்காயமும் வினிகரும் போட்டு ஊறவைத்த மத்தி மீன் கொடுத்தார்கள். அதற்கு மட்டும் பழைய சோறு இருந்திருந்தால் சொர்க்கம்!

எங்கள் குரூப் வாசித்தது ஜுதெக்காவில் ஒரு குட்டி வாய்க்கால் ஓரம். யோசனை மாஸ்டருடையது. மூன்று பேர் இந்தக் கரை, மூன்று பேர் அந்தக் கரை. சான் மார்கோ மாடம் நமக்குக் கிடைக்காது, ஆனா வாய்க்கால் கிடைக்குமே! குரூப்பில் ஒரு குறும்புக்காரப் பையன், "எதுக்கு சின்னது? பெரிய கால்வாயிலேயே வாசிக்கலாம்" என்றான். உடனே என் இன்ஜினீயர் மூளை கணக்குப் போட்டது. சத்தம் செகண்டுக்கு 343 மீட்டர் போகும். ஜுதெக்கா கால்வாய் 300 மீட்டருக்கு மேல். இந்தப் பக்கம் வாசித்தது அந்தப் பக்கம் போகவே ஒரு செகண்ட். பதில் திரும்பி வர இன்னொரு செகண்ட். டிரங்க் கால்தான் பேசலாம்! குட்டி வாய்க்கால் பத்து மீட்டர், அதாவது சுமார் 29 மில்லி செகண்ட். எங்கள் பொடி ஸ்வரம் ஒன்றின் நீளம் ஏறக்குறைய 120. அந்தக் கால்வாசித் தாமதத்தைச் சமாளிக்க ஒரே வழி, எதிர்க்கரைச் சத்தத்தைக் கேட்டு வாசிக்காமல், எதிர்க்கரை ஆளின் தோள்பட்டையைப் பார்த்து வாசிப்பது. மூச்சு இழுக்கும்போது தோள் எழும்பும் இல்லையா? அதுதான் சிக்னல்.

சாயங்காலம் ஏழரை மணி. வெயில் இன்னும் போகவில்லை. மாடி ஜன்னல்களில் பாட்டிகள், துணி காயப்போட்ட கொடிகளுக்கு நடுவில் தலைகள். அந்த ஜன்னல்களில் பாதி மூடித்தான் இருந்தது. 1951-ல் இந்தத் தீவு நகரத்தில் கிட்டத்தட்ட 1,75,000 பேர் இருந்தார்கள். 2022-ல் அது 50,000-க்குக் கீழே போய்விட்டது. வாடகை தாங்காமல் மெஸ்த்ரேக்குப் போனவர்களில் மாஸ்டரும் ஒருவர். அவர் பிறந்த வீடு அதே வாய்க்காலில் மூன்றாவது. இப்போது அது டூரிஸ்ட் அபார்ட்மென்ட். வாசலில் நம்பர் அமுக்குகிற சாவிப்பெட்டி. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அல்லது திரும்பியதை நான் பார்க்கவில்லை.

நான் வாசித்தது நாலாவது டிரம்பெட். முதல் கட்டியம் அந்தக் கரையிலிருந்து எழும்பி, சுவரில் மோதி, தண்ணீரில் வழுக்கி எங்களிடம் வந்தது. பதில் கொடுத்தோம். கீழே ஒரு படகு இன்ஜினை அணைத்துவிட்டு நின்றது. பின்னால் இன்னொன்று. மெட்டு ஆரம்பித்ததும் மேலே ஜன்னலில் ஒரு பாட்டி கூடவே பாட ஆரம்பித்துவிட்டார். அம்மாவைக் கூப்பிடுகிற பழைய இத்தாலியன் வரிகள் அந்த மெட்டுக்கு உண்டு. தெருவில் கேட்கவே கேட்காது என்று சொன்னேனே, ஜன்னலில் இருந்திருக்கிறது!

மியூட்டுகளைக் கழற்றினோம். கடைசி வேரியேஷன். நாலு பேரின் நாக்கும் 'து-து-கு' என்று பறக்க, எதிர்க்கரையில் மாஸ்டர் தோளைத் தூக்கினார். முதல் ஸ்வரம் வந்து இடைவெளியில் உட்கார்ந்தது. அடுத்தது. அடுத்தது. நான் அவர் தோளைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. ஐந்தாவது வரியில் ஒரு இடத்தில் அவருக்கு மூச்சு போதவில்லை. ஒரு ஸ்வரம் பாதியில் நின்றது. மேலே பாட்டி அந்த இடத்தைப் பாடி நிரப்பிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்! கீழே படகில் இருந்தவர்களுக்கு அது அப்படி எழுதப்பட்டது போலத்தான் கேட்டிருக்கும்.

முடிந்ததும் கைதட்டலைவிடப் படகுகளின் ஹாரன் சத்தம்தான் அதிகம். ஆமாம், படகுக்கு ஹாரன் உண்டு, திருவிழாவில் தாராளமாக அடிப்பார்கள்.

வாணவேடிக்கைக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. மத்தி மீன் தட்டுக்குப் பக்கத்தில் மாஸ்டர் தன் நோட்ஸை விரித்து வைத்திருந்தார். என்னைக் கூப்பிட்டுப் பென்சில் கேட்டார். ஐந்தாவது வரியில், அந்த ஸ்வரத்துக்கு முன்னால், அழுத்தமாக ஒரு மூச்சுக்குறி போட்டார். பக்கத்தில் ஏதோ எழுதினார். அக்கா எட்டிப் பார்த்துப் படித்துச் சொன்னார்.

"'அடுத்த வருஷம் இங்க மூச்சு எடுக்கணும்'னு எழுதியிருக்காரு."

பென்சிலை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை.